கழுவி வைத்த மவுத் ஓர்கன்கள்

குசினிக்குள் வந்த அருமைராசாவுக்குக் கண் இருண்டது. கழுவின பாத்திரம் வைக்கிற தட்டில், முந்தினநாள் விருந்துக் கிளாசுகளுக்குப் பக்கத்தில், அவனுடைய மவுத் ஓர்கன்கள் அத்தனையும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உதறினான். சவர்க்கார நுரை முழங்கைவரை வடிந்தது. நடுவில் இருக்கிற மரத்துண்டு தண்ணீரைக் குடித்து ஊதி, விளிம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

“மெற்றில்டா! ஆர் இதுகளைக் கழுவினது?”

“நான்தான்,” என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்தபடி. “நேற்று வந்த சனம் முழுக்க வாய் வைச்ச சாமான். எச்சில்.”

நேற்று மகள் கோயிலில் முதல் நன்மை எடுத்ததற்கான விருந்து. மெற்றில்டாவின் தமையன் பத்திநாதர், இரண்டு விஸ்கி உள்ளே போனதும் அருமைராசாவின் பையைத் திறந்து, “மச்சான்ர பீப்பீ, ஆளுக்கொண்டு பிடியுங்கோ!” என்று எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கிழடு கட்டை வரைக்கும் ஊதித் துப்பல் பறக்கச் சிரித்தார்கள்.

பீப்பீயாம்! எண்பத்தாறில் இந்தப் பனி நாட்டில் அகதியாக வந்து இறங்கி, சென் டெனி வீதியில் ஒரு பாரின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன் அருமைராசா. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு கறுப்பினக் கிழவர் மவுத் ஓர்கனில் வாசித்த புளூஸ் இசையைக் கேட்டு, கை ஈரத்தோடு கதவடியில் நின்றுவிட்டான். ஊரில், குருநகர்க் கோயிலில் தான் ஊதிப் பழகியதெல்லாம் ஒன்றுமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊதுவதைவிட உறிஞ்ச வேண்டும், சுருதியை மூச்சால் வளைத்து அழவைக்க வேண்டும். பகலில் தொழிற்சாலை, இரவில் யாராவது மேடையில் இடம் தரமாட்டார்களா என்று பார் பாராக அலைச்சல். பாம்பாட்டி வந்திட்டான் என்று சிரித்த வெள்ளைக்காரர்களே கடைசியில் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். சொந்தச் சனத்துக்கு மட்டும் இன்னும் பீப்பீ.

இன்றைக்கு அவன் வாசிப்பதைக் கேட்கச் சிக்காகோ இசைக்குழுவின் தலைவர் வருகிறார். பிடித்துப்போனால் அடுத்த மாதமே அவர்களோடு பயணம், ஒரு வருசம் ஊர் ஊராக. இப்படியொரு வாய்ப்பு இனி வராது. இரவல் வாங்கலாம் என்றால் இந்த நகரத்தில் வேறு யாரும் அவனைப்போல் உள்ளே இருக்கிற பித்தளை நாக்குகளை அரத்தால் ராவிப் பதப்படுத்தி வைப்பதில்லை. புதிதாக வாங்கலாம் என்றால் இன்றைக்குச் சென் ஜோன் திருநாள் விடுமுறை, கடையெல்லாம் பூட்டு.

“எச்சில் எண்டால் துணியால துடைக்கிறது! சுடுதண்ணியில ஆரடி ஊறப்போடச் சொன்னது? முதல்ல கொண்ணனுக்கு மிதிக்கவேணும்.”

“அண்ணையை இழுக்காதேங்கோ.” மெற்றில்டா துணியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “மரம் ஊதும் எண்டு எனக்குத் தெரியும். கலியாணம் கட்டின புதுசில நீங்கள்தானே சொன்னனீங்கள், தண்ணி பட்டா செத்துப்போம், தொடாத எண்டு. எச்சில் எண்டது சும்மா சாட்டு.”

அவன் கை தன்பாட்டில் ஒரு கிளாசைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அவள் அசையவில்லை.

“உடையுங்கோ. கூட்டுறதும் நான்தானே! பிள்ளைக்கு வலிப்பு வந்த அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்? ஸ்நோவுக்க நான் தனியத் தூக்கிக்கொண்டு ஓடினன். என்ர அப்பா செத்த செய்தி வரேக்கயும் நீங்கள் மேடையில. விடியவெண்டாலும் வீட்டை வாற மனுசன் எண்டு எல்லாத்தையும் பொறுத்தன். இந்தமுறை போனா வரமாட்டியள்.”

“விசர்க் கதை கதைக்காத.”

“அப்ப வருவன் எண்டு சொல்லுங்கோ. மாதா அறியச் சொல்லுங்கோ. உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன்.”

ஒரேயொரு சொல். இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் அவன் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் இந்தக் கிழமை முழுக்க, வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண்ணை மூடினால் ரோட்டும் மேடையும்தான் தெரிந்தன. அவற்றில் எதற்குப் பிறகும் வில்லரேயில் இருக்கிற இந்த வீட்டு மாடிப்படி இல்லை. அதை இவள் எப்படிப் பார்த்தாள்? தூ, என்ன பொம்பிளை இவள்!

வருவன் என்று சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் மற்றக் கையிலிருந்த மவுத் ஓர்கனைத்தான் உதட்டில் வைத்து ஆத்திரத்தோடு உறிஞ்சினான். ஊதிப்போன மரம் உதட்டைக் கிழித்தது. ஒரேயொரு துளைதான் கம்மிய குரலில் முனகியது. சவர்க்காரமும் இரத்தமும் நாக்கில் கரித்தன.

மெற்றில்டா கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நின்று, அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.