வெளியேறிய நேரம்

முதலில் அங்கே ஒரு நீதிமன்றம் மட்டும்தான் இருந்தது. அதற்குத் துணையாகக் கருவூலம் வந்தது, கருவூலத்துக்குத் துணையாக நில அளவை அலுவலகம் வந்தது. பிறகு யாருக்கு யார் துணை என்றே தெரியாமல் நான்கு தெருக்களை விழுங்கி ஏப்பம் விட்டுக்கொண்டு பதினெட்டு மாடி எழுந்து நின்றது. இப்போது அரசு வளாகத்துக்கு நூறு வயது. அதன் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள்.

அதற்காகத்தான் நில அளவை அலுவலகத்தின் பழைய வருகைப் பதிவேடுகளைச் சூப்பிரண்டு வாயிற்காவலர் முன்னால் கொண்டுவந்து போட்டார். பெயர், வந்த காரணம், உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம். முப்பது வருடமாக எல்லாம் காவலரின் கையெழுத்துதான்.

"கடைசிக் கட்டம் அங்கங்க காலியா கெடக்குது. மந்திரி புரட்டிப் பாப்பாரு. ஆபீஸ் மூடுற நேரம் அஞ்சரைன்னு போட்டு நிரப்பிடுங்க."

காவலர் நிரப்பினார். அவர் டீ குடிக்கப் போனபோது நழுவியவர்கள், சொல்லாமல் போனவர்கள். அவர்களுக்கு அஞ்சரை போடுவதில் ஒரு உறுத்தலும் இல்லை. நூற்றுச் சொச்சம் போட்டபின் ஒரு வரியில் பேனா நின்றுவிட்டது.

வயரிங் வேலைக்காரன். காரணம்: தெருவை இடிக்கக் கூடாது என்று மனு. உள்ளே: 10.40. அன்று அவன் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. சாயங்காலம் பின்பக்கம் ஜன்னல் இல்லாத வண்டி ஒன்று வந்து போனதைக் காவலர் பார்த்தார். பார்த்ததோடு சரி.

அவன் அக்கா தையல்காரி. பதினொரு வருடமாக மாதம் தவறாமல் வாசலுக்கு வந்து கேட்கிறாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொன்னதில்லை. கோழைதான், அதில் அவருக்கே சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தார். அவன் வெளியே வரவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். ஓய்வு பெற்ற மறுநாள் அதை அவளுக்குக் காட்டுவதாக இருந்தார். தைரியத்தை ஓய்வூதியத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் இப்படித்தான் ஆகும்.

"இத ஏன் விட்டுட்டீங்க?" சூப்பிரண்டு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இவரு வெளிய வரல சார்."

"வராம உள்ளயே குடித்தனமா நடத்துறாரு? போடுங்க." சூப்பிரண்டு சிரித்தார். ஆனால் பக்கத்திலேயே நின்றார், நகரவில்லை.

ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். காவலர் 5.30 என்று போட்டார்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் மதியம் தையல்காரி உள்ளிருந்து வாசலுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. பதினொரு வருடத்தில் அவள் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

"அண்ணே, தம்பி அன்னிக்கே வெளிய வந்துட்டாண்ணே. அஞ்சரைக்கு. அந்த நோட்டுல இருக்கு. நான் பாவி, என்னென்னமோ நெனச்சுக் காரியம்கூடப் பண்ணிட்டேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க எழுத்துதானேண்ணே அது? அவன் எந்தப் பக்கம் போனான்? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

உள்ளே சூப்பிரண்டு யாருக்கோ விளக்கம் சொல்லும் சத்தம் கேட்டது. காவலர் கையை விடுவித்துக்கொண்டு பேருந்து நிலையம் இருக்கும் திசையைக் காட்டினார்.

அவள் கும்பிட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வேகமாக நடந்தாள்.