ஏழாவது ட்ராக்

பதினொரு நிமிடம். அதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் தாங்காது.

முதலில் திரை நடுங்கும். பிறகு படம் சிறுத்து ஒரு கோடாகும். பிறகு இருட்டு. அப்புறம் முக்கால் மணி நேரம் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்க வேண்டும். பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர்களை நான் மாற்றிய பிறகுதான் இந்தப் பதினொன்று. அதற்கு முன் வெறும் நான்கு. புதுப் பவர் சப்ளை வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். எங்களுக்கு இருந்தது மூன்று நாள். மூன்றாவது நாளும் மத்தியானத்தைத் தாண்டிவிட்டது.

நான் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சொந்தம் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாடகத்துக்கு அவன் போட்ட இசை முழுக்க இந்தப் பெட்டிக்குரிய ஃப்ளாப்பிகளில் கிடந்தது. மொத்தம் பத்தொன்பது துண்டுகள். இப்போது அந்த நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறார்கள். சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு இசை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். இன்று வெள்ளி.

வேலை இதுதான். பழைய ப்ரோக்ராமில் ஒரு துண்டைத் திறக்க வேண்டும். இன்றைய சாஃப்ட்வேருக்குப் புரிகிற வடிவத்தில் வேறொரு ஃப்ளாப்பியில் சேமிக்க வேண்டும். அதைப் பிடுங்கி, தனி ஃப்ளாப்பி டிரைவ் மாட்டிய என் லேப்டாப்பில் படிக்க வேண்டும். ஒரு தடவை ஆன் செய்தால் இரண்டு துண்டு தேறும். பெட்டி நல்ல மூடில் இருந்தால் மூன்று.

"பத்தொன்பதாவதும் வந்துடுச்சு," என்றேன். "கடைசிக் காட்சி. கேட்டுட்டா நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துடுவேன். முதுகு தனியா கழண்டு வருது."

மச்சான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். "போடுங்க அத்தான்."

போட்டேன். எல்லா வாத்தியமும் பியானோ சத்தத்தில் வந்தது. அது பரவாயில்லை. இந்த ஃபைல்களுக்குள் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தமாகத் தொட்டார்கள் என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். வாத்தியத்தை அவன் பிறகு மாற்றிக்கொள்வான்.

ஆனால் நடுவில் ஒரு பள்ளம் வந்தது. பின்னணியில் இரண்டு சுரங்கள் மட்டும் தாளம் தட்டிக்கொண்டு நின்றன. யாரோ வந்து பேசப்போவதாக எல்லோரும் காத்திருக்க, யாருமே வராத மாதிரி அரை நிமிடம் ஓடியது. பிறகு பாட்டு தன் பாட்டுக்கு முடிந்தது.

"இது இப்படித்தானா?" என்றேன்.

"இப்படித்தான்."

வாத்தியத்துக்கு ஒரு ட்ராக் என்று லேப்டாப்பில் எண்ணிப் பார்த்தேன். ஆறு ட்ராக். பழைய ஃப்ளாப்பியின் லேபிளில் அவன் கையெழுத்திலேயே 'ஏழு ட்ராக்' என்று இருந்தது. கேட்டால் இன்னொரு மணி நேரம் போகும். நான் கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டேன்.

மச்சான் கீபோர்டு முன்னால் போய் நின்றான். அந்தப் பள்ளத்தில் எதையோ வாசித்துப் பார்த்தான். நிறுத்தினான். திரும்ப வாசித்தான். எனக்கே தெரிந்தது, சுரம் சரி, ஆள் சரியில்லை.

நான் செருப்பில் கால் நுழைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அத்தான், ஒரு விஷயம்."

"சொல்லு."

"அந்த ஏழாவது ட்ராக், அக்கா வாசிச்சது."

நான் செருப்பைக் கழற்றினேன்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாடகத்தின் கடைசிக் காட்சிக்கு என் மனைவிதான் கீபோர்டு வாசித்தாள். நீ தாளத்துக்கு லேட்டாக வருகிறாய் என்றான் தம்பி. அந்த இடத்தில் லேட்டாகத்தான் வரவேண்டும் என்றாள் அக்கா. பேச்சு தடித்தது. உன் வாசிப்பை அழித்துவிட்டேன் என்று அவன் சொல்ல, அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அவள் வாசிக்கவும் இல்லை, அவனோடு பேசவும் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண போட்டோக்களில் இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர். நடுவில் நான். 'அவன்கிட்ட சொல்லிடுங்க', 'அக்காகிட்ட கேளுங்க' என்று இருபத்தாறு வருடமாகத் தபால்காரன் வேலை.

"அழிச்சுட்டேன்னுதானே சொன்ன?"

"சொன்னேன். அழிக்கல. மியூட் பண்ணி வச்சேன்."

"மூணு நாளா என் பக்கத்துலயே உட்கார்ந்திருக்க. இப்ப சொல்ற."

"மியூட்ல இருக்கிறதும் சேர்ந்து வந்துடும்னு நினைச்சேன். வந்தா தானா தெரிஞ்சிடும், நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன்."

வரவில்லை. வேறு வடிவத்தில் சேமிக்கும்போது, வாய் அடைத்து வைத்த ட்ராக்கை அந்தப் ப்ரோக்ராம் விட்டுவிட்டு வந்திருக்கிறது. அது அதன் சுபாவம்.

கடைசியாக அணைத்தபோது பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்திருந்தது. "இன்னொரு தடவைதான் எழுந்திருக்கும்," என்றேன். "அதுவும் உறுதியில்லை."

"எழுந்திருக்கலேன்னா?"

"அப்ப நீ அழிச்சுட்டேன்னு சொன்னது உண்மையாயிடும்."

அவன் எழுந்தான். ஃபேனை இன்னும் நெருக்கமாக நகர்த்தினான்.

முக்கால் மணிக்குப் பதிலாக ஒன்றரை மணி நேரம் ஆற விட்டோம். பிறகு ஸ்விட்சைப் போட்டேன்.

திரை வந்தது. ப்ரோக்ராம் ஏற இரண்டு நிமிடம். துண்டு திறக்க இன்னொன்று. நான்காவது நிமிடத்திலேயே வாடை. மச்சான் ஜன்னலைத் திறந்தான்.

"மவுஸை நீ பிடி. எங்கே இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

ஏழாவது வரிசையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். அம்புக்குறி அதன்மேல் போய் நின்றது. அவன் விரல் அசையவில்லை.

"மச்சான், இதை வச்சுக்கிட்டு யோசிக்க முடியாது."

அழுத்தினான். கட்டம் வெள்ளையானது.

சேமி என்று கொடுத்தேன். ஃப்ளாப்பி டிரைவ் பல்லைக் கடிக்கிற சத்தம் போட்டது. ஆறாவது நிமிடம். திரை நடுங்கியது. இன்னும் எழுதி முடியவில்லை என்று டிரைவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. படம் இடுப்பு சிறுத்தது. விளக்கு அணைந்ததா, படம் முதலில் போனதா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. பெட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். புகை நூலாக வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

ஃப்ளாப்பியை வெளியே எடுத்தபோது சூடாக இருந்தது. லேப்டாப்பில் செருகினேன். பழைய ஃபைல் அங்கே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது.

திறந்தேன். ஏழு ட்ராக்.

பள்ளம் வரும் இடத்தில் பியானோ சத்தத்தில் என் மனைவியின் கை வந்தது. அவசரமே இல்லாத கை. ஒவ்வொரு வரியின் முதல் சுரமும் தாளம் விழுந்து நூலளவு கழித்து விழுந்தது. அந்தச் சண்டைக்கு முன்னால், மாமனார் இருந்த இந்த வீட்டுக்கு முதன்முதலாகப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவளை வாசிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

சாஃப்ட்வேர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. தாளத்தோடு ஒட்டாத சுரங்கள் இருக்கின்றன, சரி செய்யட்டுமா என்று கேட்டது.

"என்ன சொல்ல?"

"கை வைக்காதீங்க அத்தான். வேண்டாம்னு கொடுங்க."

போனை எடுத்து மனைவியை அழைத்தேன். ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அரை நிமிடம் ஓடி முடிந்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம்.

"லேட்டாதான் வருது," என்றாள்.

"ஆமாம்."

"அவன் ஒண்ணும் மாத்தலையா?"

"இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு, "நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்குன்னு அவன்கிட்ட கேளுங்க," என்றாள்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு முதுகு வலித்தது, கண் எரிந்தது, கையில் கருகல் வாடை.

போனைச் சத்தமாகக் கேட்கும்படி அழுத்தி மேஜைமேல் வைத்தேன். "நீயே கேளு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

குழாயைத் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"பத்து மணிக்குக்கா."