மூன்றாவது பிளக்

நின்றபடி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் மூடியைத் தூக்கிவிட்டு, முதல் ஸ்பார்க் பிளக்கின் தலையைத் திருப்புளியால் தொட்டு அதன் முனையை எஞ்சின் இரும்பில் சாய்த்தான் சோலை. எஞ்சின் தடுமாறியது; அது நல்ல பிளக். இரண்டாவதைத் தொட்டான், அதற்கும் தடுமாறியது. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் பெண்கள் அவன் அம்மா சின்னத்தாயின் பேரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள்.

"பெத்தவளக் கெடத்திப்போட்டு வண்டிய நோண்டுறான் பாரு," என்றார் அக்கா புருஷன் பெரியமுத்து. "நேத்து ஓட்டத் தெரியல. இன்னைக்கி என்னத்துக்கு?"

முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்த அம்மாவை எஸ்டேட் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏற்றி மூணாறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவன் அவன்தான். சமதளத்தில் லேசாக உதறிக்கொண்டே ஓடிய வண்டி, ஓடைக்கு மேலே ஏற்றத்தில் விக்கி விக்கி நின்றுபோனது. பெட்ரோலில் தண்ணீர் என்று நினைத்துக் கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினான். கொஞ்சம் ஏறியது, மறுபடி நின்றது.

"நான் வேணா எறங்கிக்கிறேன்டா, பாரம் கொறையும்ல," என்றாள் சின்னத்தாய். அப்புறம் அவள் பேசவில்லை.

மூன்றாவது பிளக்கைத் தொட்டான். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. வண்டியை அணைத்துப் பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். வெள்ளைப் பீங்கானில் மயிரிழையாக ஒரு விரிசல். கீழே இரும்பில் அரத்தால் இழுத்த இரண்டு கோடுகள்.

கழித்துப்போட்டதற்கு அடையாளமாக அவன் போட்ட கோடுகள்தான். எஸ்டேட் மேனேஜர் தொரையின் காரிலிருந்து அவனே கழற்றி, இனி எந்த வண்டிக்கும் ஆகாது என்று சொல்லி ஸ்டோரில் கொடுத்த பிளக். ஜீப் சர்வீசுக்குப் போனபோது ஒர்க்ஷாப்பில் அதையே மாட்டியிருந்தார்கள்.

கோடித்துணியோடு வந்திருந்த ஸ்டோர் கிளார்க் ஈஸ்வரமூர்த்தியிடம் அதை நீட்டினான்.

"இத எதுக்கு சார் திரும்ப ஒர்க்ஷாப்புக்குக் குடுத்தீங்க?"

அவர் புரட்டிப் பார்த்தார். "தொரை வண்டிக்குத்தானப்பா ஆகாது. தேச்சுக் குடுத்தேன். ஆசுபத்திரி வண்டிதான, ஓடும்னு…"

துணியைப் பெரியமுத்துவின் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். பெரியமுத்து பிளக்கையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீர்மாலைக்கு நேரமாச்சு மாப்ள," என்றார். குரல் இறங்கியிருந்தது. "வா."

அம்மாவைக் குளிப்பாட்ட ஓடையில் குடத்தை நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கொட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் நடுவே அதே ஏற்றத்தில் நடந்தான் சோலை. மடியில் பிளக் உறுத்தியது. பின்னால் கார் சத்தம் கேட்டது. தொரையின் கார்தான் என்று திரும்பாமலே அவனுக்குத் தெரிந்தது: நாலு சிலிண்டரும் ஒன்றுபோல் அடித்தன.

கொட்டுக்காரர் கொட்டை நிறுத்தினார். எல்லோரும் ஓரம் ஒதுங்கினார்கள். சோலையும் தண்ணீர் சிந்தாமல் பள்ளத்தில் இறங்கி வழிவிட்டான்.