ஒரு தடவை கேட்டால் கேள்வி

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டில் அக்காவும் அவள் மகளும் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள்; இந்தப் பக்கம் நான், புத்தகமும் ஆறிப்போன தேநீருமாக. சில நாட்களில் என் காதில் விழும் மனிதக் குரல் அது மட்டும்தான். ஒட்டுக்கேட்ட கதை என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "நகரமே உறைந்து நின்ற அந்தக் காலையில், ஒரு பெண்ணின் குரல் வாளைப் போல—"

இல்லை. நகரம் உறையவில்லை. வாளும் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் கை இப்படித்தான் போகும்.

2

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்வாள். முதல் தடவை ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பதற்கு, இரண்டாவது காதில் வாங்குவதற்கு. வீட்டிலும் அதே கதைதான்.

"சாப்பிட வா. சாப்பிட வா."

"ஒரு தடவை சொன்னா போதும்மா. நான் ஒண்ணும் பஸ்ஸ விட்டுடப் போறதில்ல."

எங்கள் தெருக் குழாய்கள் காய்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. புதிய தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில், அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்தாள். மைக் தேவைப்படாத குரல்.

"எங்க தெருவுக்கு எப்போ தண்ணி வரும்?"

அமைச்சர் சிரித்தார். "வரும்மா, உக்காருங்க." கூட்டமும் சிரித்தது. அத்தோடு முடிந்திருக்கும். பழக்கதோஷம், அவள் வாய் இன்னொரு தடவை கேட்டுவிட்டது. பின்வரிசைகள் அதைப் பிடித்துக்கொண்டு கத்த, விழா பாதியில் நின்றது. கூட்டத்துக்கு இடையூறு செய்ததாக அக்கா மேல் வழக்குப் போட்டார்கள்.

3

"ஒரு தடவை கேட்டா கேள்விம்மா," என்றார் வக்கீல். "திரும்பக் கேட்டு, கூட்டமே நின்னுடுச்சுன்னா இடையூறு. வெளிய அட்டை பிடிச்சு நில்லுங்க, மனு குடுங்க, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க."

"ஜட்ஜ்கிட்ட இப்படிப் பேசித் தொலைக்காதீங்க."

ஜாமீன் நிபந்தனை: வழக்கு முடியும்வரை எந்தப் பொது நிகழ்ச்சிக்குள்ளும் போகக் கூடாது, வெளியிலிருந்தும் குரல் எழுப்பக் கூடாது. மீறினால் சிறை.

(சட்டத்தை இங்கே வில்லனாக்க ஆசைதான். முடியவில்லை. நான் ஆசையாகக் கேட்கப் போன ஒரு பேச்சாளரை ஒரு கும்பல் கத்தியே மேடையிலிருந்து இறக்கியது. அன்று இதே சட்டத்தைத்தான் நானும் தேடினேன். அவர்கள் அவர் வாயை மூடப் பார்த்தார்கள். அக்கா தண்ணீர் கேட்டாள். சட்டத்தின் காதுக்கு இரண்டும் ஒரே சத்தம்.)

4

மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் பேச்சு. ஒரு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒத்திகை, எனக்கே மனப்பாடம். நடுவில் ஓர் இடத்தில் எப்போதும் மாட்டிக்கொள்வாள். அக்கா அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பாள், இரண்டு தடவை.

"நீ வர மாட்டியாம்மா?"

"வாசல் வரைக்கும் வரேன்."

"அங்கேருந்து என்ன தெரியும்?"

"கேக்கும்ல."

பிறகு அக்கா என் கதவைத் தட்டினாள். "தம்பி, நீங்க உள்ள போய் உக்காருங்க. நம்ம ஆள்னு ஒருத்தராவது இருக்கணும்."

நம்ம ஆள். இந்த இரண்டு சொற்களை நான் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

விழா வாசலில் ஒரு காவலர். "நீங்க இங்க நிக்கிறதே எனக்குத் தலைவலிக்கா. வாயத் தொறந்தீங்கன்னா நான்தான் கூட்டிட்டுப் போகணும்."

உள்ளே மகள் பேசினாள். அதே இடம் வந்தது. நின்றுவிட்டாள்.

5

முடிவு ஒன்று: அக்கா வாசலிலிருந்து சொல்கிறாள். மகள் பேசி முடிக்கிறாள். கைதட்டல் ஓயும்போது அம்மா ஜீப்பில்.

முடிவு இரண்டு: அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் மல்க— (அவள் அழுகிற ஆள் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.) அக்கா பேசவில்லை. மகள் மேடையை விட்டு இறங்குகிறாள். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.

முடிவு மூன்று: மூன்றாவது வரிசையில் நான். என்மேல் வழக்கு இல்லை, நிபந்தனை இல்லை. அந்தச் சொல் தெரியும். வாயைத் திறக்கிறேன். நாள்கணக்கில் யாரோடும் பேசாத தொண்டை—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முடிக்காதவரை மகள் மைக் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள், வாசலைப் பார்த்தபடி.

என் பக்கத்து நாற்காலி காலிதான். வந்து உட்காருங்கள். அந்தச் சொல் "ஆனாலும்".

ஒரு தடவை சொன்னால் போதும்.