மூன்றில் தொடங்கும் டேப்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்களிடம் வேன் இருந்திருக்காது. இருந்திருந்தால், எஞ்சினை மாற்றிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

எங்களுடையது பெரிய வேன். திரைச்சீலை தைத்து வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். ‘எங்கள்’ என்றால், என் மனைவி துணி வெட்டுவாள், தைப்பாள், விலை பேசுவாள். நான் வண்டி ஓட்டுவேன், ஏணியில் ஏறுவேன், “கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம், அய்யோ இறக்குங்க” என்பதைக் கேட்டுக்கொள்வேன். வேனின் பின்பக்கம் துணிச் சுருள், கம்பி, ஏணி. முன்பக்கம் நான், நடுவில் மூடி போட்ட எஞ்சின், அந்தப் பக்கம் அவள். போகிற வழியெல்லாம் மடியில் துணியைப் போட்டு ஓரம் அடித்துக்கொண்டே வருவாள். வீட்டில் அவளுக்குத் தையல் மெஷின், எனக்குத் தூக்கம். நாங்கள் பேசிக்கொள்வது அந்த இரண்டு சீட்டுக்கு நடுவில்தான்.

பெட்ரோல் எஞ்சின் ஒரு மேட்டில் புகை கக்கிவிட்டு நின்றது. என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மெக்கானிக். வந்து மூடியைத் திறந்து பார்த்தான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். மெக்கானிக் கையைத் துடைப்பது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவது மாதிரி.

“முடிஞ்சுபோச்சு மாமா. ஆனா எங்கிட்ட ஒரு டீசல் எஞ்சின் கிடக்கு, லாரியில இருந்து எடுத்தது. கியர்பாக்ஸும் கூடவே இருக்கு. போட்டுட்டா உங்க ஆயுசுக்கும் ஓடும்.”

“என் ஆயுசு எவ்வளவுன்னு பாத்தியா?”

“எஞ்சினைத்தான் மாமா பாத்தேன்.”

எஞ்சினை அவன் தன் ஷெட்டில் அளந்தான். வேனில் அது உட்காரும் இடத்தின் அகலத்தை அளந்து போனில் சொல்வது என் பொறுப்பு. மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அளந்து பார்த்தால், அவன் சொன்ன எஞ்சின் அளவுக்குத் தைத்து வைத்தது மாதிரி கச்சிதம். சொன்னேன். நான் சொன்ன அளவை நம்பி அவன் வேனை ஷெட்டுக்கு இழுத்துப் போய், எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெல்டு அடித்துவிட்டான். என் பேச்சை ஒருவர் முழுதாக நம்பியது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

எஞ்சின் சங்கிலியில் தொங்கி இறங்கி உட்கார்ந்தது. மூடியைத் தூக்கி வைத்தோம். உட்காரவில்லை. டீசல் பம்ப், என் மனைவியின் சீட் பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

“உன் ஷெட் தரை கோணல்டா” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன பரம்பரை.

அந்த நேரம் பார்த்து மனைவி சாப்பாட்டோடு வந்தாள். மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எதை வச்சு அளந்தீங்க?”

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக் காட்டினேன்.

“இதா? இது மூணுலதானே ஆரம்பிக்குது!”

முனை நைந்துபோய், முதல் மூன்று இஞ்சை எப்போதோ வெட்டிவிட்டிருக்கிறாள். அளந்துவிட்டு மூன்றைக் கழித்துக்கொள்வாளாம். எங்கள் மகளும் கழித்துக்கொள்வாளாம். மச்சினன் தலையைச் சொறிந்தான். “எனக்கே தெரியும் மாமா. நீங்க அதாலதான் அளந்தீங்கன்னு தெரியாது.”

“முதல் நம்பரே மூணுன்னு இருந்தா மனுஷனுக்குச் சந்தேகம் வராதா?” என்றாள்.

“நான் கடைசி நம்பரைத்தான் பாத்தேன்.”

மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தான். “பெரிய விஷயமில்ல. அக்கா சீட்டைக் கழட்டிட்டா மூடியை அந்தப் பக்கம் அகலமாக்கிடலாம். அக்கா பின்னால உக்காந்துக்கட்டும்.”

சொல்லி முடித்ததும் அவனே வாயை மூடிக்கொண்டான். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தெருமுனை தாண்டுமுன் குமட்டும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“கழட்டிடு” என்றாள் மனைவி. “நான் வீட்லயே இருந்து தைக்கிறேன். இவர் போய் மாட்டிட்டு வரட்டும்.”

அவள் திட்டவில்லை. என் மனைவி திட்டினால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் சீட்டின் பக்கப் பையிலிருந்து ஊசி டப்பா, கத்தரிக்கோல், நூல் கண்டு, பாதி ஓரம் அடித்த துணி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். வீடு காலி செய்கிறவர்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் எடுப்பார்கள்.

வண்டியில் நானும் ரேடியோவும் மட்டும் போவதை நினைத்துப் பார்த்தேன். ரேடியோ பாடும், ‘அய்யோ இறக்குங்க’ என்று சொல்லாது.

“டேய், எஞ்சினை என் பக்கம் தள்ளிடு.”

“மாமா, வெல்டு அடிச்சாச்சு! எல்லாத்தையும் வெட்டணும். தரையையும் வெட்டணும். உங்க சீட்டைக் கதவோட ஒட்டணும். கால் வைக்க இடமே இருக்காது.”

“எனக்கெதுக்குடா கால்?”

“கிளட்ச் மிதிக்க.”

“மடக்கிக்கிறேன். இல்லேன்னா இளைச்சுடறேன்.”

“முட்டி எப்படி மாமா இளைக்கும்?”

“வேணாங்க” என்றாள் மனைவி. “அப்புறம் முட்டி வலிக்குதுன்னு புலம்பப்போறது நீங்கதான்.”

“நீ வரலைன்னா வழி யார் சொல்லுவா? போன மாசம் அந்த ரவுண்டானாவை…”

“நாலு தடவை சுத்துனீங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்லியும்.”

“பாத்தியா, நீ இருந்தும் நாலு. இல்லைன்னா நான் அங்கேயே குடித்தனம் வச்சிருப்பேன்.”

அவள் ஊசி டப்பாவை மட்டும் மறுபடி சீட் பையில் வைத்தாள். கத்தரிக்கோல் கூடையிலேயே இருந்தது. வேலை முடியட்டும், பார்க்கலாம் என்று அர்த்தம்.

மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே தாங்கிகளை வெட்டினான். இந்தத் தடவை இரும்பு டேப். என்னை அதைத் தொடவே விடவில்லை. விளக்கைப் பிடிக்கச் சொன்னான். எஞ்சின் என் பக்கம் நகர்ந்தது, என் சீட் கதவுப் பக்கம் நகர்ந்தது. தரையை வெட்டித் தகடு அடித்தான், குழாய்களை மாற்றினான், டேங்க்கைக் கழுவி டீசல் ஊற்றினான். கடைசியில் மூடி அதன் இடத்தில் ‘டப்’பென்று உட்கார்ந்தது. அவளுடைய சீட் அசையாமல் அப்படியே இருந்தது. கத்தரிக்கோல் பைக்குத் திரும்பிப் போனது.

முதல் பயணம், ஒரு மாடி வீட்டுக்கு. சுவரில் பல்லி மாதிரி நான் கதவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு முட்டி ஸ்டீயரிங்கைத் தொட ஓட்டினேன். டீசல் போட்ட சத்தத்தில் பின்னாலிருந்த ஏணி தாளம் போட்டது. அவள் ஏதோ கேட்டாள்.

“என்ன?”

மறுபடி கேட்டாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சீட்டைக் காப்பாற்றிப் பேச்சைத் தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தபடி அந்த வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினேன். அதே நொடியில் அவள் உச்சக் குரலில் கத்தினாள்.

“முட்டி வலிக்குதான்னு கேட்டேன்!”

தெரு முழுக்கக் கேட்டது. மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“வலிக்குது” என்றேன்.

“தெரியும். சாயங்காலம் தைலம் தேய்ச்சு விடறேன். இப்ப ஏணியை எடுங்க.”

மாடியில் ஏணியை விரித்து ஏறினேன். அவள் டேப்பை நீட்டினாள்.

“மறக்காம…”

“தெரியும், தெரியும்.”

ஜன்னலை அளந்தேன். மூன்றைக் கழித்துச் சொன்னேன்.

“இறங்குங்க” என்று சொல்லிவிட்டு, அவள் ஏறி இன்னொரு தடவை அளந்தாள்.