பழுப்பு ஓடுகள்

நெரிஸ் தணலுக்குள் கையை விட்டது நவம்பர் கடைசியில். ஆப்பிள் ஒன்று நெருப்பில் உருண்டு விழுந்துவிட்டது, கருகுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஆப்பிளும் இல்லை, ஒன்றும் இல்லை. விறகு எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்த கணவர் க்விலிம் ஓடி வந்தபோது, கணப்பின் முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு அழகாகச் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. வலிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் விரல்களை விரித்துப் பிடித்தபடி அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கட்டுப் போட வந்த நர்ஸ் மென்று விழுங்காமல் சொன்னாள். "ஒண்ணு இந்த நெருப்ப மூடுங்க. இல்லேன்னா அவங்கள ஹோம்ல விடறதப் பத்தி யோசிங்க. இப்படியே விட முடியாது."

ஹோம் என்ற பேச்சே க்விலிமுக்கு ஆகாது. நெருப்பில்லாமல் அந்த வீட்டில் குளிர்காலத்தைத் தள்ளவும் முடியாது. மலைச்சரிவில் தனியாக நிற்கும் கல் வீடு. அக்டோபரில் ஈரம் ஏறும் சுவர் ஏப்ரலில்தான் காயும். கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து அந்தக் கணப்பை மூட்டுவது நெரிஸ்தான். மகள் பெயர் மறந்தது, கிழமை மறந்தது, சாப்பிட்டோமா என்பதும் மறந்தது. சுள்ளி அடுக்கி, காகிதம் சுருட்டி, தீக்குச்சி கிழிப்பது மட்டும் மறக்கவில்லை. முடித்ததும் கணப்பைச் சுற்றிப் பதித்திருந்த பழுப்பு ஓடுகளை ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பாள். அப்புறம்தான் டீ.

அவளுடைய தம்பி மெர்வின் கட்டட வேலை செய்பவன். விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலையே வந்து, கணப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"கண்ணாடிக் கதவு வெச்ச சின்ன இரும்பு அடுப்பு ஒண்ணு வாங்கி இந்தப் பொந்துக்குள்ளயே உக்கார வெச்சிடலாம் மச்சான். கதவுக்குத் தாப்பா. சுத்தி ஒரு கம்பி வேலி, சுவத்தோட சேத்து போல்ட் போட்டுடறேன். அப்புறம் அக்கா கை உள்ள போறதுக்கு வழியே இல்ல."

அடுத்த வாரமே வேலை ஆரம்பமானது. பழைய தணல் தட்டைப் பெயர்த்து வெளியே வைத்தார்கள். அதன்பின் மெர்வின் உளியை எடுத்துக்கொண்டு க்விலிமைப் பார்த்தான்.

"ஓட்ட உடைக்காம அடுப்பு உள்ள போகாது. அளந்து பாத்துட்டேன்."

க்விலிம் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நெரிஸ் அங்கே ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"உடை" என்றார்.

மதியம் மெர்வின் கூரைமேல் ஏறி, புகைபோக்கிக்குள் கயிற்றில் எடை கட்டி இறக்கினான். கீழே சாக்கு பிடித்துக்கொண்டிருந்த க்விலிமின் தலைமேல் சுள்ளியும் கரியும் இறகும் மடமடவென்று கொட்டின.

"ஒரு காக்கா கூட்டமே குடும்பம் நடத்தியிருக்கு மச்சான்!" மேலிருந்து மெர்வின் கத்தினான். "வாடகையாவது கேட்டு வாங்கினியா?"

சத்தம் கேட்டு வந்த நெரிஸ், கன்னங்கரேலென்று நின்ற கணவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "மூஞ்சியப் பாரு! நீ மட்டும் இந்தக் கோலத்தோட என் சோபால உக்காந்தே, கொன்னுடுவேன்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. கரியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் க்விலிமும் சிரித்தார்.

மறுநாள் புகைபோக்கி வழியாக வளையும் ஸ்டீல் குழாயை மேலிருந்து இறக்கினார்கள். அடியில் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியை இரும்புத் தகட்டால் அடைத்து, சந்துகளில் நெருப்பு தாங்கும் பூச்சை அப்பினார்கள். கருப்புப் பலகைக்கல்மேல் அடுப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. மெர்வின் ஒரு காகிதத்தைக் கொளுத்தி உள்ளே காட்டினான். புகை ஒரு இழைகூட வெளியே வராமல் மேலே ஓடியது.

"புகைய எப்படிக் குடிக்குது பாரு!" என்றான். உடைந்த ஓடுகளை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு இருட்டுவதற்குள் கிளம்பினான்.

அறை இதுவரை அப்படிச் சூடேறியதே இல்லை. க்விலிம் நெரிஸைக் கைப்பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் ஆடிய நெருப்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். நாற்காலி விளிம்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டீயைக் குடித்து முடித்ததும் எழுந்தாள்.

"டீக்கு ரொம்ப நன்றிங்க. நேரமாயிடுச்சு, நான் கெளம்பறேன். வீட்ல நெருப்ப அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"இதுதானேம்மா நம்ம வீடு."

"விளையாடாதீங்க. எங்க வீட்ல பழுப்பு ஓடு பதிச்சிருக்கும்." கதவுப் பக்கம் திரும்பியவள், தயங்கி, மரியாதையாகக் கேட்டாள். "நீங்க யாருன்னு சொல்லலியே?"

அவள் வாயிலிருந்து அவரைப் பார்த்து 'நீங்க' வந்தது அதுதான் முதல் தடவை. முதன்முதலாகச் சந்தித்தபோதுகூட அவள் 'நீ' என்றுதான் கூப்பிட்டாள்.

காலையில் க்விலிம் மெர்வினுக்குப் போன் செய்தார். "அந்த ஓடெல்லாம் எங்கடா?"

"குப்பைக் கிடங்குல கொட்டிட்டேன் மச்சான். எல்லாம் தூளாப் போச்சே. ஏன்?"

சொன்னார்.

"அதே மாதிரி ஓடு எங்கயாவது தேடிப் பாக்கறேன். அடுப்பையும் கழட்டிடறேன். ஆனா அக்கா கை...?"

அன்று நர்ஸ் கட்டை அவிழ்த்தபோது க்விலிம் பக்கத்தில் நின்று பார்த்தார். விரல் நுனிகளில் புதுத்தோல் வெங்காயச் சருகு போல, இளஞ்சிவப்பாக, அழுத்தினால் கிழிந்துவிடும்போல இருந்தது. அதைப் பார்த்த பிறகு, அடுப்பு இருக்கட்டும் என்று மெர்வினிடம் சொல்லிவிட்டார்.

தினமும் பொழுது சாய்ந்ததும் அவள் கோட்டை மாட்டிக்கொள்வாள். முதலில் க்விலிம் வாதாடினார். கல்யாணப் படத்தைக் காட்டினார், மகளைப் போனில் பேசவைத்தார். கதவைப் பூட்டிப் பார்த்தார். அவள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, யாரோ தன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைபோல் அழுதாள். ஒருநாள் அவர் தன் கோட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்க, நானே கொண்டுபோய் விடறேன்."

மழைத் தூறலில், அவள் கையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, சர்ச் வாசல்வரை நடந்தார். அங்கே திரும்பி அதே பாதையில் வந்து, அதே கதவைத் திறந்தார். அவள் உள்ளே வந்து கம்பி வேலிக்கு இப்பால் நின்று கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தாள்.

"இது யார் வீடுங்க?"

"தெரிஞ்சவங்க வீடுதான்."

"நல்லா கதகதன்னு வெச்சிருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு இங்கயே தங்கிக்கலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டாங்க. நான் கேட்டுட்டேன்."

"நீங்களும் இருப்பீங்களா?"

"இருக்கேன்."

சரி என்று தலையாட்டி உட்கார்ந்தாள். அவர் கீழே குனிந்து அவளுடைய ஈரச் செருப்புகளைக் கழற்றினார்.

குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான் போனது. நடக்க முடியாமல் போனதும் கட்டிலை அந்த அறைக்கே கொண்டுவந்து போட்டார். மே மாதம், நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவள் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க. ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு."

"சொல்றேம்மா" என்றார் க்விலிம்.