நீர்மாலைக் கிணறு

"குடத்தை இங்கிட்டுக் குடுங்க சித்தப்பா" என்று குணசேகரன் கையை நீட்டியதும் பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்ற அப்பா, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். மூத்த மகன்தான் எடுக்க வேண்டும், அதுவும் சொந்தக் கிணற்றில். ஆனால் குணசேகரன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தே ஒன்பது வருஷம் ஆகிறது.

"வீம்பு பண்ணாதப்பா. பைப்புல பிடிச்சுக்கலாம், ஒங்கப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் ஆண்டியப்பன் சித்தப்பா.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஊருக்கே தெரிந்த கதைதானே. தம்பி அய்யப்பன் மோட்டாரைப் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியிருப்பது தெரியாமல், த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டதென்று ஓடிப்போய் சுவிட்சைப் போட்டவன் குணசேகரன். உள்ளே ஒயர் அறுந்து கிடந்தது. ஒரே அலறல்தான், தம்பி போய்விட்டான். அந்த அலறல் அதன்பிறகு அவனை விடவேயில்லை. எந்த வயலில் மோட்டார் சத்தம் கேட்டாலும் வேர்த்துக் கொட்டும், அந்த நிமிஷத்திலேயே போய் நிற்பான்.

போன வருஷம் அப்பாதான் அன்னவாசலில் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டை மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்தம்மா இரண்டு விரலை இடமும் வலமும் அசைப்பார். அன்று நடந்ததை நினைத்துக்கொண்டே குணசேகரன் கண்ணால் விரலைத் தொடர வேண்டும்.

"மறக்க வைக்கிற வைத்தியம் இல்லீங்க. அது முடிஞ்சு போச்சுன்னு ஒங்க மனசுக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார் அந்தம்மா.

"வெரல ஆட்டுறதுக்கு இம்புட்டுத் தூரமாடா? நானே ஆட்டியிருப்பேனே" என்று திரும்பும் பஸ்ஸில் அப்பா கிண்டலடிப்பார். ஆனாலும் பதினோரு வாரம், ஒரு வாரம் தவறவில்லை. வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்தால் மகன் முகத்தை ஒருதரம் பார்ப்பார், எதுவும் கேட்க மாட்டார்.

இப்போதெல்லாம் மோட்டார் சத்தம் அவனை ஒன்றும் செய்வதில்லை. கிணற்றை மட்டும் அவன் இன்னும் பார்க்கவில்லை. அங்கே போய் மறுபடி உடைந்துவிட்டால்? அப்பா அலைந்த அலைச்சல் அத்தனையும் வீண்தானே.

கொட்டுக்காரர்கள் முன்னே போக, பங்காளிகள் தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்துவர, குடத்தோடு கிணற்றுக்கு நடந்தான். எட்டிப் பார்த்தான். சுவிட்ச், அலறல், தம்பி முகம், எல்லாம் வந்தது. தூரத்து ரோட்டில் போகும் பஸ் மாதிரி வந்து, போயும் விட்டது. அடியில் தண்ணீர் கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. தம்பிக்காக இல்லை, பெஞ்சில் காத்துக் கிடந்த மனுஷனுக்காக. வாய்விட்டு அழுதுகொண்டே வாளியைக் கயிற்றில் இறக்கினான்.

வீட்டு வாசலில் ஆத்தா சொர்ணம் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் ஒன்பது வருஷமாக அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டதில்லை.

"ரொம்பச் சில்லுன்னு இருக்காடா?"

மார்கழிக் காலை. குளிக்கப்போகிற அப்பாவுக்காக மட்டும் அவள் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"இல்லாத்தா. வெதுவெதுன்னுதான் இருக்கு. நீயே தொட்டுப் பாரு."

ஆத்தா மணிக்கட்டு முழுகும்வரை கையை விட்டாள். எடுக்காமல் அப்படியே நின்றாள்.